பராக்கு, நினைப்பு, மனக்கோட்டை: எல்லாவற்றையும் பகற்கனவு என்று சொன்னால் எப்படி?

போன மாதம் ஒரு சாயங்காலம் கோத்தகிரியில் மேட்டுப்பாளையம் பஸ் ஏறி, அரவேணுவுக்கு டிக்கெட் எடுத்து, ஜன்னலோரம் உட்கார்ந்தேன். தூங்கவில்லை, கண் திறந்துதான் இருந்தது. ஆனால் தலையைத் தூக்கிப் பார்த்தபோது வண்டி குஞ்சப்பனை செக்போஸ்ட்டில் நிற்கிறது. "ஏனுங்க, அரவேணு அரவேணுன்னு ரெண்டு தடவ கத்துனேன், எந்த உலகத்துல இருந்தீங்க?" என்றார் கண்டக்டர். பக்கத்து சீட்டுப் பாட்டி, "பராக்குப் பாத்துட்டு உக்காந்திருக்கு" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி முணுமுணுத்தார். லேட்டாகும் என்று சொல்ல வீட்டுக்கு போன் போட்டால் தங்கை, "என்ன அண்ணா, பகல் கனவா?" என்கிறாள், மணி ஏழாகப் போகிற நேரத்தில்.

மூன்று பேர் சொன்னதும் சரியில்லை. நான் பராக்குப் பார்க்கவில்லை, வெளியே மூடுபனியும் இருட்டும்தான், பார்க்க எதுவுமே இல்லை. கனவும் காணவில்லை. எங்கள் வீட்டுக் கூரைக்குத் தகரம் மாற்றித் தருகிறேன் என்று அட்வான்ஸ் வாங்கிப் போனவர் ஒருவரோடு மனசுக்குள்ளேயே சண்டை போட்டுக்கொண்டிருந்தேன், அதுவும் நாலாவது முறையாக. அதற்குத் தமிழில் தனியாக ஒரு சொல் இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

நம் ஊரில் ஒருவர் சும்மா உட்கார்ந்து எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தால் உடனே "பகற்கனவு" என்று முத்திரை குத்திவிடுகிறோம். பிள்ளை படிக்காவிட்டாலும் அதே சொல், பெரியவர் கவலையில் இருந்தாலும் அதே சொல், தம்பி பாட்டில் லயித்திருந்தாலும் அதே சொல். மண்டைக்குள் நடப்பது இவை ஒவ்வொன்றிலும் வேறு. நம் மொழி இவற்றைப் பிரித்துத்தான் வைத்திருக்கிறது, நாம்தான் ஒன்றாகக் கொட்டிக் கலக்கிவிட்டோம்.

தூக்கத்தில் வருவது மட்டும்தான் கனவு

முதல் குழப்பமே இங்கேதான். "பகல் கனவு பலிக்காது" என்று பெரியவர்கள் சொல்வார்கள், கூடவே "விடியற்காலைக் கனவு பலிக்கும்" என்றும் சொல்வார்கள். இரண்டையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். எந்த ஜாமத்தில் கண்ட கனவு எப்போது பலிக்கும் என்கிற பழைய கணக்கு அது. அங்கே பகல் கனவு என்றால் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் குட்டித் தூக்கம் போட்டபோது வந்த கனவு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அதைத் தூக்கி விழித்திருப்பவன் தலையில் வைத்துவிட்டோம்.

தூக்கத்துக் கனவில் அது கனவு என்று பெரும்பாலும் தெரியாது. செத்துப்போன தாத்தா வந்து டீ கேட்டால் போட்டுக் கொடுத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம், ஆச்சரியமே வராது. தெளிவான கனவுகள் அதிகம் வருவது, மூடிய இமைக்குள் கண் வேகமாக உருளுகிற ஒரு தூக்க நிலையில். சிகாகோவில் 1953-ல் அதைக் கண்டுபிடித்துச் சொன்னார்கள். அந்த நேரத்தில் கை கால் தசைகள் தளர்ந்து கிடக்கும், கனவில் ஓடினாலும் கட்டிலில் ஓடமாட்டோம். விழித்துக்கொண்டு நினைப்பில் இருப்பவரை உலுக்கிக் கேட்டால் "இல்ல, சும்மா ஒன்ன நினைச்சேன்" என்பார். அவருக்கு அது நினைப்பு என்று தெரியும்.

தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் மனநிலைகளை வரிசையாக அடுக்கும் ஒரு நூற்பா உண்டு. துஞ்சல், கனவு, நினைதல், கருதல், ஆராய்ச்சி, பொச்சாப்பு எல்லாம் அதில் தனித்தனியாக வருகின்றன. துஞ்சல் தூக்கம். பொச்சாப்பு என்பது கவனம் தளர்ந்து கடமையை மறப்பது. திருக்குறளிலும் நினைந்தவர் புலம்பல் 121-வது அதிகாரம், கனவுநிலை உரைத்தல் 122-வது. பக்கத்துப் பக்கத்து வீடுதான், ஆனால் நடுவில் சுவர் இருக்கிறது.

ஆக, கனவு தூங்குகிறவருக்கு. மற்றதெல்லாம் விழித்திருப்பவரின் சமாசாரம். இனி அதை மட்டும் பார்ப்போம்.

கை கொழுந்து எடுக்கிறது, மனம் எங்கே?

எங்கள் பெரியம்மா முப்பது வருஷத்துக்கு மேல் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். முதுகில் கூடை, இடுப்பில் பிளாஸ்டிக் படுதா, இரண்டு கையும் செடியின் மேல் ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டு இலை ஒரு மொட்டு என்பதைக் கண்ணை விட விரல்தான் முதலில் கண்டுகொள்ளும். முத்தல் இலையைத் தொட்டதும் விரல் தானாக விலகிவிடும். கைப்பிடி நிறைந்ததும் திரும்பிப் பார்க்காமலே தோளுக்குப் பின்னால் வீசுவார், கூடைக்குள் போய் விழும். அந்த நேரத்தில் பெரியம்மா என்ன நினைத்துக்கொண்டிருப்பார் என்று ஒரு தரம் கேட்டேன். "சீட்டுப் பணம் எடுத்தா யாருக்கு எவ்வளவு குடுக்கிறதுன்னு கணக்குப் போட்டுட்டு இருப்பேன். இல்லன்னா எங்கம்மாகூடப் பேசிட்டு இருப்பேன்" என்றார். அவங்க அம்மா போய் ரொம்ப வருஷம் ஆகிவிட்டது.

புதிதாக வேலைக்கு வந்த பெண்ணால் இது முடியாது. எந்த இலை, எங்கே கிள்ளுவது, வரிசை விட்டுப் போகிறதா என்று அத்தனை கவனமும் கையிலேயே போய்விடும். வேலை பழகப் பழகக் கைக்கு மனம் தேவைப்படுவது குறைகிறது, மிச்சப்பட்ட மனம் கிளம்பிப் போய்விடுகிறது. இதற்கு உளவியலில் மனம் அலைதல் என்று பெயர். அதாவது செய்கிற வேலையிலிருந்தோ கண்ணெதிரே இருப்பதிலிருந்தோ நினைப்பு தானாக நழுவி, உள்ளேயே எழுகிற வேறொன்றுக்குப் போவது.

நழுவினது திரும்பியும் வரும். தேயிலைக்கு நடுவில் பாறை மாதிரி ஏதோ அசைந்தது, காட்டெருமை என்று யாராவது கத்தினால் போதும், சீட்டுக் கணக்கும் அம்மாவும் ஒரே நொடியில் மறைந்துவிடுவார்கள். அந்தப் பக்கம் பார்த்தபடியே பெரியம்மா பின்னால் நடந்து வரப்பில் ஏறி நின்றிருப்பார். இந்தத் திரும்பி வருதலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

ராத்திரி பஸ்ஸின் ஜன்னல்

இப்போது மண்டைக்குள். மலைப் பாதையில் பகலில் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தால் தோட்டம், பள்ளத்தாக்கு, எதிர் மலை எல்லாம் தெரியும். இருட்டி, உள்ளே விளக்குப் போட்டதும் அதே கண்ணாடியில் நம் முகமும் பின் சீட்டு ஆளும் தெரிகிறார்கள். கண்ணாடி மாறவில்லை. வெளி வெளிச்சம் குறைந்ததால் உள் வெளிச்சம் மேலே வந்துவிட்டது. மனம் அலைகிறபோது கிட்டத்தட்ட இதுதான் நடக்கிறது. கண்ணுக்கும் காதுக்கும் சேதி வந்துகொண்டே இருக்கும், ஆனால் மூளை அதற்குக் கொடுக்கும் மதிப்பைக் குறைத்துவிடும். இதைப் புலன் விலகல் என்று வைத்துக்கொள்வோம். கண்டக்டர் கத்தியது என் காதுக்குள் போயிருக்கும், ஆனால் அது என் ஊர்ப் பெயர் என்கிற அளவுக்கு உள்ளே போகவில்லை. பாடப் புத்தகத்தில் அரைப் பக்கம் கண் ஓடிய பிறகு ஒரு வரிகூட ஏறவில்லை என்று உணர்வோமே, அதுவும் இதுதான்.

உள்ளே விளக்குப் போடுவது யார்? மூளை வேலை செய்யும்போது எந்தப் பகுதிக்கு எவ்வளவு ரத்தம் போகிறது என்று படமெடுக்கும் கருவிகள் வந்த பிறகு, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஆட்களைச் சும்மா படுக்கவும் வைத்தார்கள். வேலை கொடுத்தால் மூளை சுறுசுறுப்பாகும், சும்மா இருந்தால் அடங்கும் என்பதுதான் எதிர்பார்ப்பு. ஆனால் சில பகுதிகள் நேர்மாறாக, சும்மா இருக்கும்போது அதிகம் இயங்கி, வேலை கொடுத்ததும் அடங்கின. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தில் மார்கஸ் ரெய்க்கிளும் அவர் குழுவும் 2001-ல் இதற்கு டிஃபால்ட் மோட் என்று பெயர் வைத்தார்கள். தமிழில் இயல்புநிலை வலையமைப்பு எனலாம். நெற்றிக்குப் பின்னே நடுவில் ஒரு பகுதி, மூளையின் பின்பக்க நடுவில் ஒரு பகுதி, இரண்டு பக்கமும் காதுக்குக் கொஞ்சம் மேலே பின்னால் ஒரு பகுதி என்று தள்ளித் தள்ளி இருந்தாலும் சேர்ந்து இயங்குகிற ஒரு கூட்டம் அது.

அந்தக் கூட்டத்தின் வேலையைப் பார்த்தால் ஒரு வீட்டுத் திண்ணைப் பேச்சு மாதிரி இருக்கும்: போனது, வரப்போவது, நான், என்னைப் பற்றி அவங்க என்ன நினைக்கிறாங்க. ஹிப்போகேம்பஸ் என்று நினைவோடு சம்பந்தப்பட்ட ஒரு பகுதி மூளையில் உண்டு. அது சேதமானவர்களிடம் லண்டனில் ஓர் ஆய்வு செய்து 2007-ல் வெளியிட்டார்கள். அவர்களுக்குப் பழையதை நினைவுகூர்வது மட்டுமல்ல, புதிதாக ஒரு காட்சியை, ஒரு கடற்கரையை, கற்பனை செய்து பார்ப்பதும் கஷ்டமாக இருந்தது. நினைவும் கற்பனையும் ஒரே மூட்டையைப் பிரித்துத்தான் பொருள் எடுக்கின்றன. பெரியம்மாவின் சீட்டுக் கணக்கும் அவர் அம்மாவும் ஒரே மத்தியானத்தில் மாறி மாறி வருவதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

இதுவரைக்கும் சுருக்கமாக: வேலை பழகிவிட்டால் மனம் நழுவும். நழுவினால் வெளிச் சேதியின் மதிப்பு குறையும். அந்த நேரத்தில் மூளை அணைந்து கிடப்பதில்லை, வேறொரு பகுதிக் கூட்டம் வேலையில் இருக்கும்.

எந்தச் சொல் எதற்கு

சரி, சொற்களுக்கு வருவோம். பிரித்துப் பார்க்க நான் இரண்டு கேள்விதான் கேட்பேன். கவனம் உள்ளே இருக்கிறதா, வெளியிலா? நினைப்பு எங்கேயாவது நகர்கிறதா, ஒரே இடத்தில் சுற்றுகிறதா?

பராக்கு வெளியில் இருப்பது. ஊட்டி சேரிங்கிராஸில் நின்றுகொண்டு போகிற வருகிற டூரிஸ்ட் வண்டிகளைப் பார்த்துக்கொண்டே வாங்க வந்த சாமானை மறப்பது பராக்கு. கவனம் இருக்கிறது, தவறான இடத்தில் இருக்கிறது. இந்தச் சொல்லில் ஒரு வேடிக்கை உண்டு. அரசன் வரும்போது கட்டியக்காரன் "பராக், பராக்" என்று கூவுவது கவனி என்பதற்காக, நாம் பிள்ளையைப் பராக்குப் பார்க்காதே என்பது கவனிக்கவில்லை என்பதற்காக. ஒரே சொல்தான் இரண்டு பக்கமும் வேலை செய்கிறது. மோட்டுவளையைப் பார்ப்பது இதற்கு எதிர். கண் கூரையில் இருக்கும், ஆனால் கூரையைப் பார்க்காது. பாட்டி என்னைச் சொன்னதில் இதுதான் தப்பு, என் கண் ஜன்னலில் இருந்தாலும் நான் மோட்டுவளைக்காரன்.

நினைப்பு பொதுச் சொல், அதனால் வழுக்கும். நினைவு தப்பிவிட்டது என்றால் மயக்கம். நினைப்பு எங்கே இருக்கிறது என்றால் கவனம். "பெரிய இவன்னு நினைப்பு" என்றால் திமிர். புரையேறினால் "யாரோ நினைக்கிறாங்க" என்று தலையில் தட்டுகிறோமே, அங்கே நினைப்பு ஆளை விட்டு ஆள் தாண்டிப் போகிறது. வள்ளுவர் காலத்தில் அதற்குத் தும்மல் போலிருக்கிறது. தும்மல் வருவதுபோல் வந்து அடங்கிவிட்டது, நினைக்கப் பார்த்து நினைக்காமல் விட்டாரோ என்று 1203-வது குறளில் ஒரு பெண் கேட்கிறாள்.

யோசனைதான் இருப்பதிலேயே ஏமாற்றும் சொல். எழுத்தில் அது நல்ல சொல், யோசித்து முடிவெடுப்பது. பேச்சில் "ஒரே யோசனையா இருக்கு" என்றால் கவலை. "பொண்ணு குடுக்க யோசிக்கிறாங்க" என்றால் தயக்கம், அதாவது அநேகமாக இல்லை. "ஒரு யோசனை சொல்லுங்க" என்றால் வழி. ஒருவர் கன்னத்தில் கை வைத்து யோசனையில் இருக்கிறார் என்றால் எந்த யோசனை என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், முகத்தைப் பார்த்துத் தெரியாது.

மனக்கோட்டை, மனோராஜ்யம், மனப்பால் குடிப்பது, இவைதான் நாம் சாதாரணமாகப் பகற்கனவு என்று சொல்ல நினைப்பதற்கு உண்மையில் பக்கத்தில் வருபவை. உள்ளே இருக்கும், நகரும், இனிக்கும். பச்சைத் தேயிலைக்குக் கிலோவுக்கு இவ்வளவு விலை வந்தால் முதலில் கடனை அடைத்து, அப்புறம் மாடி எடுத்து, அப்புறம் ஒரு ஜீப் வாங்கி என்று டீக்கடை பெஞ்சில் கட்டுவது. கோட்டை கட்டுவதற்கும் பால் குடிப்பதற்கும் சின்ன வித்தியாசம் பார்க்கிறேன். கோட்டையில் கட்டுகிற வேலை இருக்கிறது, அதில் சில கல் பின்னால் உபயோகப்படலாம். மனப்பாலில் குடிப்பது மட்டும்தான், கிடைத்தாகிவிட்டது என்கிற ருசி. "நினைப்புதான் பொழப்பக் கெடுக்குது" என்ற வசவு மனப்பாலுக்குப் பொருந்தும், கோட்டைக்கு எப்போதும் பொருந்தாது.

இனி என் தகரக்கூரைச் சண்டை. அசைபோடுவது என்று ஒரு சொல் இருக்கிறது. மாடு மேய்ந்ததைத் திரும்ப வாய்க்குக் கொண்டுவந்து மெல்லுவது. ஆங்கிலத்தில் உளவியல்காரர்கள் சொல்கிற ரூமினேஷன் என்பதும் அதே மாட்டின் வேலைதான், இரண்டு மொழியும் தனித்தனியாக மாட்டைப் பார்த்தே இதைக் கண்டுகொண்டிருக்கின்றன. ஆனால் அவர்கள் அந்தச் சொல்லைப் பெரும்பாலும் கெட்டதைத் திரும்பத் திரும்ப மெல்லுவதற்கு வைத்துக்கொண்டார்கள். தமிழில் அசைபோடுவது இனிமையாகவும் இருக்கலாம், பழைய பள்ளிக்கூட நாட்களை அசைபோடலாம். கசப்பை மெல்லுவதற்கு நமக்கு மருகுதல் இருக்கிறது. "உள்ளுக்குள்ளயே வச்சு மருகாத" என்று அம்மாக்கள் சொல்வார்கள். உள்ளே இருக்கிறது, ஆனால் நகரவில்லை: அவர் என்ன சொன்னார், நான் என்ன சொல்லியிருக்கணும், அடுத்த தரம் பார்த்தால் என்ன சொல்வேன், திரும்ப அவர் என்ன சொன்னார். அரவேணுவிலிருந்து குஞ்சப்பனை வரை பஸ் போனது, நான் ஒரு அடி நகரவில்லை. பகற்கனவா என்று தங்கை கேட்டபோது கோபம் வந்ததன் காரணம் இதுதான். மனக்கோட்டையாக இருந்திருந்தால் சிரித்திருப்பேன்.

லயித்தல், மெய்மறத்தல் இரண்டையும் மேலே சொன்ன எதோடும் சேர்க்கக்கூடாது. பாட்டில் லயித்தவரின் மனம் அலையவே இல்லை, ஒரே பொருளில் அடர்த்தியாக இருக்கிறது, அதனால்தான் மற்றது கேட்கவில்லை. வெளியிலிருந்து பார்க்க மோட்டுவளைக்காரரும் லயித்தவரும் ஒரே மாதிரி இருப்பார்கள், கூப்பிட்டால் இரண்டு பேருமே திடுக்கிடுவார்கள். ஒருவர் அங்கே இல்லை, மற்றவர் அங்கே மட்டும்தான் இருக்கிறார்.

"காலி மண்டை" என்ற பேச்சு

ஆறாவது படிக்கும்போது ஒரு வாத்தியார், பெயர் வேண்டாம், நான் ஜன்னலைப் பார்த்ததற்காக என் தலையில் தட்டி, "உள்ள ஒண்ணுமில்ல, சத்தம் கேக்குதா?" என்று வகுப்பைக் கேட்டார். எல்லாரும் கேட்குது சார் என்றார்கள். இன்றைக்கு இருந்தால் ஒரு கணக்கு சொல்லியிருப்பேன். உடல் எடையில் மூளை ஏறக்குறைய 2 சதவீதம்தான், உடல் சும்மா இருக்கும்போது செலவாகும் சக்தியில் அது எடுத்துக்கொள்வது ஏறக்குறைய 20 சதவீதம். கஷ்டமான ஒரு வேலையைக் கொடுத்தால் இந்தச் செலவு பெரிதாக ஏறுவதில்லை, ரெய்க்கிள் போன்றவர்களின் கணக்கில் கூடுவது 5 சதவீதத்துக்கும் குறைவு. பஸ் ஸ்டாண்டில் நிற்கிற வண்டி மாதிரிதான். சக்கரம் சுற்றவில்லை, இன்ஜின் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

அதற்காக மனம் அலைவது நல்லது என்று சர்ட்டிஃபிகேட் கொடுத்துவிடவும் முடியாது. 2010-ல் கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் என்ற இரண்டு ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2,250 பேரை ஐபோன் வழியாகத் திடீர் திடீரென்று கேட்டார்கள்: இப்போது என்ன செய்கிறீர்கள், நினைப்பு அதில்தான் இருக்கிறதா, மனசு எப்படி இருக்கிறது? கேட்ட தருணங்களில் 46.9 சதவீதத்தில் நினைப்பு வேறெங்கோ இருந்தது. அப்படி இருந்தபோது அவர்கள் சொன்ன சந்தோஷம் குறைவாக இருந்தது, இனிமையான விஷயத்தை நினைத்திருந்தாலும் கையில் இருக்கும் வேலையில் இருப்பதைவிட அது அதிகமாகவில்லை. இந்த எண்ணைத் தூக்கிக்கொண்டு பலர் பகற்கனவு கெட்டது என்று வாட்ஸப்பில் சுற்ற விடுகிறார்கள். அதில் மருகியவர்களும் கோட்டை கட்டியவர்களும் சாயங்காலம் என்ன சமைப்பது என்று நினைத்தவர்களும் ஒரே எண்ணுக்குள் இருக்கிறார்கள் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. அதற்கும் முன்பே, 1960-களில் தொடங்கி, ஜெரோம் சிங்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் இதைப் பிரித்துப் பார்த்தவர். இனிமையாகக் கற்பனை செய்து திட்டமிடுவது ஒரு வகை, குற்ற உணர்விலும் பயத்திலும் உழல்வது ஒரு வகை, எதிலும் கவனம் நிற்காமல் தாவுவது ஒரு வகை என்றார். கோட்டை, மருகல், பராக்கு என்று நம் வீட்டுப் பாட்டியே சொல்லியிருப்பார்.

அளவு மீறுவதும் உண்டு. சிலருக்குத் தினமும் பல மணி நேரம், விரிவான கதைகளாக, வேலையும் சாப்பாடும் கெடுகிற அளவுக்கு இது இழுத்துக்கொண்டு போகும். இஸ்ரேலின் ஹைஃபா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எலி சோமர் 2002-ல் இதற்குத் தனிப் பெயர் கொடுத்து எழுதினார். மனநல மருத்துவர்கள் கையாளும் முக்கிய நோய்ப் பட்டியலில் அது இன்னும் இடம் பெறவில்லை. ஆனால் அப்படித் தவிக்கிறவர் ஒரு மனநல ஆலோசகரைப் பார்ப்பதற்குப் பட்டியல் அனுமதி தேவையில்லை.

கூப்பிட்டும் திரும்பாவிட்டால்

காட்டெருமை என்றதும் பெரியம்மா திரும்பினாரே, அதை இங்கே எடுத்துக்கொள்ளுங்கள். நினைப்பில் இருக்கும் குழந்தை பெயர் சொல்லிக் கூப்பிட்டால், தோளைத் தொட்டால், திரும்பிவிடும். திரும்பாத ஒன்றும் இருக்கிறது. பேசிக்கொண்டிருக்கும்போதே, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே சட்டென்று நின்று, சில விநாடி ஒரே இடத்தை வெறித்துப் பார்க்கும், சில குழந்தைகளுக்கு இமை படபடக்கும். கூப்பிட்டாலும் தொட்டாலும் பதில் இருக்காது. அப்புறம் ஒன்றுமே நடக்காததுபோல் விட்ட இடத்திலிருந்து தொடரும், இடையில் நின்றது அதற்கே தெரியாது. ஒரே நாளில் பல தடவைகூட வரலாம். இது ஆப்சன்ஸ் எனப்படும் வலிப்பு வகையாக இருக்கலாம். கீழே விழுவதில்லை, கை கால் வெட்டுவதில்லை, அதனால் வலிப்பு என்று யாருக்கும் தோன்றாமல் போகிறது. வகுப்பில் கனவு காண்கிறது என்று அடி வாங்குகிற பிள்ளைகளில் இப்படிச் சிலரும் இருப்பார்கள்.

தலையில் மின் கம்பிகளை ஒட்டி மூளையின் மின்னோட்டத்தைப் பதிவு செய்யும் ஈஈஜி பரிசோதனையில் இது பெரும்பாலும் தெரிந்துவிடும், மாத்திரையும் இருக்கிறது. சந்தேகம் வந்தால் அடுத்த தரம் அப்படி நின்றுபோகும்போது பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபடியே போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் முன்னால் பிள்ளை நன்றாகத்தான் உட்கார்ந்திருக்கும்.